நடந்து எட்டும் வாக்குச்சாவடி

சிவகாசி நகரத்தின் கடைசித் தெரு எங்கே முடிகிறது, விஸ்வநத்தம் ஊராட்சியின் முதல் தெரு எங்கே தொடங்குகிறது என்பதைப் புதிதாக வருகிறவர் கண்டுகொள்வது எளிதன்று. அச்சகங்களும் காகிதக் கிட்டங்கிகளும் பட்டாசுக் கடைகளும் தொடர்ந்து வர, நகரம் ஊருக்குள் புகுந்துவிட்டதா, ஊர் நகரத்துக்குள் புகுந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து கிடக்கின்றன. 2021-ஆம் ஆண்டு சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சியானபோது விஸ்வநத்தம் ஊராட்சியாகவே நின்றது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு அதற்கு முன்பே அதை நகர இயல்புள்ள ஊர்களின் வரிசையில் சேர்த்திருந்தது. நிர்வாகத்துக்குக் கிராமம், வாழ்க்கைக்கு நகரம் என்ற இந்த இரட்டை நிலையில் இருக்கும் ஊர்களில்தான் தேர்தல் சமயத்தில் ஒரு சிறிய விஷயம் பெரிய சிரமமாக மாறுகிறது. ஓட்டுப் போட எங்கே போவது, அங்கே எப்படிப் போவது என்பதே அந்த விஷயம்.

பழைய கிராமத்தில் இது ஒரு கேள்வியாகவே எழுந்ததில்லை. ஊர் நடுவில் பள்ளிக்கூடம் இருந்தது. தேர்தல் வந்தால் அதுவே சாவடியாயிற்று. எல்லாரும் நாலு தெரு நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு, வருகிற வழியில் கடைகண்ணியையும் முடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இந்த வறண்ட பூமிக்குப் பிழைப்பைக் கொண்டுவந்தபின், வேலை தேடி வந்த குடும்பங்கள் தோட்டங்களையும் தரிசுகளையும் மனை போட்டு வாங்கிக் குடியேறின. நகர்கள் என்றும் காலனிகள் என்றும் புதுப்புதுத் தெருக்கள் கிளைத்தன. தெருக்கள் வெளியே வெளியே நகர்ந்தன. பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு புதிய தெருவும் ஏதோ ஒரு பழைய பாகத்தின் வாலில் ஒட்டப்பட்டது. அப்படி ஒட்டும்போது, அந்தத் தெருவிலிருந்து அந்தச் சாவடிக்குப் போகும் பாதை எது, இடையில் எந்த நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும் என்றெல்லாம் யாராவது நடந்து பார்த்தார்களா என்பதைப் பொறுத்தே அந்தத் தெருவாரின் தேர்தல் நாள் அமைகிறது.

சட்டம் இந்த விஷயத்தை அலட்சியமாக விட்டுவிடவில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தொகுதி முழுமைக்கும் போதுமான எண்ணிக்கையில் வாக்குச்சாவடிகளை ஏற்படுத்தும் பொறுப்பை, தேர்தல் ஆணையத்தின் முன்அனுமதியுடன், மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் ஒப்படைக்கிறது. எந்தச் சாவடி எந்தப் பகுதி மக்களுக்கு உரியது என்ற பட்டியலைப் பிரசுரிக்க வேண்டியதும் அவர் கடமையே. எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது. ஆறு, ஓடை, மலை போன்ற இயற்கைத் தடைகளைத் தாண்டி வரச் செய்யக்கூடாது. ஒரே குடும்பத்தாரை வெவ்வேறு சாவடிகளுக்குப் பிரிக்கக்கூடாது. சாவடி இயன்றவரை அரசுக் கட்டடத்தில், தரைத்தளத்தில் அமையவேண்டும். போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கோயில் முதலிய வழிபாட்டு ஸ்தலங்கள் ஆகியவற்றில் அமையக்கூடாது. இருநூறு மீட்டருக்குள் அரசியல் கட்சி அலுவலகம் இருத்தலாகாது என்றெல்லாம் ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் விரிவாகச் சொல்கின்றன. படித்துப் பார்ப்பவர்களுக்கு, இவற்றை எழுதியவர்கள் சாதாரண ஜனங்களின் சிரமத்தை அறிந்தவர்கள் என்ற மரியாதை தோன்றும்.

ஆயினும், இரண்டு கிலோமீட்டர் என்ற அளவை எடுத்துக்கொண்டு சற்று நிதானமாக ஆலோசிக்கவேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் இரண்டு கிலோமீட்டர் பெரிய தூரமன்று. ஆரோக்கியமுள்ள ஒரு வாலிபன் அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடுவான். ஆனால் தமிழ்நாட்டில் அண்மைக்காலத்துப் பொதுத்தேர்தல்கள் ஏப்ரல் மாதத்தில் வந்திருக்கின்றன; 2019-இல் ஏப்ரல் 18, 2021-இல் ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 19. கந்தகபூமி என்று சொல்லத்தக்க இந்தப் பிரதேசத்தில், அந்த மாதத்துப் பகல் பதினொரு மணி வெயிலில், நிழல் தரும் மரமில்லாத சாலையோரமாக, இரண்டு கிலோமீட்டர் போய் இரண்டு கிலோமீட்டர் திரும்புவது எழுபது வயது மூதாட்டிக்கு எப்படிப்பட்ட பிரயாணம் என்பதை வரைபடம் சொல்லாது. சர நூலைப் பின்னியும் குழாயில் மருந்து அடைத்தும் வருஷம் முழுவதும் தரையில் உட்கார்ந்தே வேலை செய்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்துபோன ஸ்திரீகள் இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் அன்றாடம் வேலைக்குப் போவது ஆலை வேனில். தெருமுனையில் ஏறித் தெருமுனையில் இறங்குகிறார்கள். வாக்குப்பதிவு நாளில் ஆலைக்கு விடுமுறை, சம்பளமும் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு அதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் ஆலைக்கு விடுமுறையென்றால் வேனுக்கும் விடுமுறைதான். அன்று மட்டும் அவர்கள் தங்கள் கால்களை நம்பியே புறப்படவேண்டியிருக்கிறது.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள், கண்பார்வை மங்கியவர், செயற்கைக் கால் பொருத்தியவர், வெடிவிபத்தில் கை கால் ஊனமுற்றவர் ஆகிய இவர்களை மனத்தில் வைத்துத் தூரத்தை அளந்தால்தான் அது உண்மையான தூரம். ஊரிலேயே மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவருடைய நடையே சாவடிக்கு அளவுகோலாக இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அவருக்கு எட்டுகிற இடம் எல்லாருக்கும் எட்டும்; வேகமாக நடக்கிறவருக்கு எட்டுகிற இடம் எல்லாருக்கும் எட்டாது.

தூரம் கூடினால் ஓட்டுக் குறையுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓட்டுப் போடவேண்டும் என்ற ஆர்வமுள்ளவன் எவ்வளவு தூரமானாலும் போவான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மினசோட்டா மாகாணங்களில் சில நகரங்களை எடுத்துக்கொண்டு என்ரிகோ காண்டோனி என்ற பொருளாதார அறிஞர் செய்து 2020-இல் பிரசுரித்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. வெவ்வேறு சாவடிகளுக்குப் பிரிக்கும் எல்லைக்கோட்டின் இரு பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அவர், சாவடி ஏறக்குறைய கால் மைல் தள்ளிப்போனாலே பதிவாகும் வாக்குகள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை குறைகின்றன என்று கண்டார். கால் மைல் என்பது நானூறு மீட்டர். வீட்டுக்கு வீடு கார் வைத்திருக்கும் தேசத்தில் நானூறு மீட்டர் இவ்வளவு செய்யுமானால், செருப்புத் தேய நடந்து போகிற நம் ஊர்களில் அது என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கு இரண்டு ஓட்டு என்பதை அற்பமென்று தள்ளிவிடவும் இந்த மாவட்டத்தாரால் முடியாது. 1967-ஆம் ஆண்டு விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் தோல்வியுற்றது 1,285 வாக்குகளில். 2024-ஆம் ஆண்டு விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசம் 4,379 வாக்குகள். பதிவானவையோ பத்து லட்சத்துக்கு மேல். இந்தத் தேர்தல்களில் சாவடியின் தூரம் முடிவை மாற்றியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. இவ்வளவு நெருக்கமான போட்டிகள் நடக்கிற ஒரு பிரதேசத்தில், வெயிலையும் தூரத்தையும் எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்ட ஒவ்வொருவரின் ஓட்டும் எண்ணத்தக்க ஓட்டே என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தூரத்துக்கு மற்றொரு கெடுதலும் உண்டு. அது வெளியில் தெரியாதது. நடந்து போக முடியாதவரை யாரோ வண்டி வைத்து அழைத்துப் போகவேண்டும். வண்டி வைக்க வசதியுள்ளவர் யார்? வேட்பாளரும் அவரைச் சார்ந்தவர்களுமே. வாக்காளரை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிச் செல்ல வேட்பாளரோ அவர் ஏஜெண்டோ வாகனம் அமர்த்துவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் ஊழல் நடவடிக்கையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதன் காரணம் தெளிவானது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவருக்கு ஒரு நன்றிக்கடன் சேர்ந்துவிடுகிறது; மறைவுத் தட்டிக்குப் பின்னால் பொத்தானை அழுத்தும் வினாடியில் அந்தக் கடன் நினைவுக்கு வருகிறது. சாவடி நடந்து எட்டும் தூரத்தில் இருக்குமானால் அந்த ஆட்டோவுக்கு அவசியமே இல்லை. ஆகவே, சாவடியை அருகில் அமைப்பது வாக்காளரின் சௌகரியத்தைக் காப்பதோடு அவருடைய சுதந்திரத்தையும் காக்கிறது.

அருகில் என்று சொல்லும்போது, எந்தக் கட்டடத்தின் அருகில் என்பதும் முக்கியமாகிறது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம் நாட்டில் பழமையானது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அந்தக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்பது ஒரு கோயிலின் சுவரே. நிலமும் கல்வியும் உள்ள சிலர் கூடிய சபைக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் ஓட்டு என்று வந்தபிறகு, எல்லாரும் கூசாமல் நுழையக்கூடிய வாசல் எது என்ற கேள்வி பிறந்தது.

இந்தக் கேள்வியின் கனத்தைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிவகாசியில் மூண்ட கலவரத்தின் வேர், விஸ்வநாதசுவாமி கோயிலுக்குள் நாடார் சமூகத்தாருக்கு நுழையும் உரிமை உண்டா இல்லையா என்ற தகராறே. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. ஒரு வாசலுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதற்காக இவ்வளவு துன்பம் அனுபவித்த ஊர் இது. வழிபாட்டு ஸ்தலங்களில் சாவடி கூடாது என்ற விதியைப் படிக்கும்போது இந்த நினைவு வராமல் போகாது. கோயிலை விலக்கிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. சமுதாயக்கூடம் என்ற பெயரில் ஒரு சாதியாரின் தெருவில், அவர்களுடைய மண்டபத்துக்குப் பக்கத்தில் சாவடி அமைந்தால், அந்தத் தெரு வழியே நடந்து போகத் தயங்குகிற இன்னொரு தெருவார் இருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். நலிந்த பிரிவினர் வாழும் குடியிருப்புகளில், வாக்காளர் எண்ணிக்கை குறைவானாலும் அங்கேயே தனிச் சாவடி அமைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் இடம் கொடுத்திருப்பது இந்தத் தயக்கத்தை அறிந்துதான். தூரம் கால்களுக்கு மட்டும் உரியதன்று. இருநூறு மீட்டரே ஆனாலும் கடக்க முடியாத தெரு ஒன்று நடுவில் இருந்தால் அந்தச் சாவடி வெகு தூரத்தில் இருப்பதாகவே அர்த்தம்.

இந்தத் தேசத்தின் முதல் பொதுத்தேர்தலை 1951-52-இல் நடத்திய சுகுமார் சென்னுக்கும் இதே பிரச்னை வேறு உருவத்தில் வந்தது. பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் சாவடிகளை அவர் ஏற்பாடு செய்தார். அவற்றுள் 27 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஸ்திரீகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆண்கள் கூட்டத்தில் நின்று ஓட்டுப் போடப் பெண்கள் கூசிய காலத்தில், அந்தக் கூச்சத்தைக் கண்டிக்காமல், அதற்கும் ஒரு சாவடி கட்டினார் அவர். பின்னால் வந்த அதிகாரிகளுக்கு இதைவிடச் சிறந்த முன்னுதாரணம் இருக்க முடியாது.

நம் மாகாணத்தில் இந்தப் பிரச்னையைப் பெருமளவு தீர்த்தது தேர்தல் துறை அன்று, கல்வித் துறை என்று எனக்குத் தோன்றுகிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில், குழந்தை ஒரு மைலுக்கு மேல் நடக்காமல் தொடக்கப்பள்ளியை அடையவேண்டும் என்ற நோக்கத்தோடு ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆறு வயதுக் குழந்தையின் நடையை அளவாகக் கொண்டு அமைந்த அந்தக் கட்டடங்களே பிற்பாடு வாக்குச்சாவடிகளாகவும் ஆயின. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் சுவரில், சாவடி எண்ணும் பாகத்தின் விவரமும் கறுப்பு எழுத்தில் எழுதப்பட்டிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். குழந்தைக்கு எட்டியது பாட்டிக்கும் எட்டியது. இப்போது அந்தப் பள்ளிகள் மாணவர் குறைந்து ஒன்றோடொன்று இணைக்கப்படும்போதும், புதிய குடியிருப்புகளில் அரசுப் பள்ளியே இல்லாதபோதும், சாவடிக்கும் இடமில்லாமல் போகிறது.

கட்டடம் கிடைத்தபின் அதன் உள்ளே நடப்பதையும் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பார்த்த சாய்தளம் நல்ல சிமெண்டில், இருபுறமும் குழாய்க் கைப்பிடியுடன், பார்வைக்கு லட்சணமாகவே இருந்தது. ஆனால் அது தொடங்கும் இடத்தில் தரை அரித்துப்போய் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு நின்றது. அதற்கு முன்னால் முற்றம் முழுவதும் மணல். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. மணலில் புதையும், விளிம்பில் முட்டும். இரண்டு பேர் தூக்கிவிட்டால்தான் ஏறும். தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் சாய்தளம் எதற்கு? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குச் சொல்லப்படும் கணக்கு. பள்ளிக்கூடத் திண்ணை ஒன்றரை அடி உயரமானால் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். ஆறடியில் செங்குத்தாக முடித்துவிட்ட சாய்தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. ‘சாய்தளம் உண்டு’ என்று படிவத்தில் எழுதுவதற்கு அவை உதவும், நாற்காலியில் வருகிறவருக்கு உதவா.

அறை இருபது சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல் இருப்பது நல்லது. குடிநீர், கழிப்பறை, வெளிச்சம், வரிசையில் நிற்பவர்களுக்கு நிழற்பந்தல், முதியோர் உட்கார நாற்காலி ஆகியவை குறைந்தபட்ச வசதிகள் என்று ஆணையமே வரையறுத்திருக்கிறது. பட்டாசுப் பிரதேசத்தில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பேன். சாவடியின் சுற்றுப்புறத்தில் வெடிபொருள் வைக்கும் கிட்டங்கியோ, வீடுகளில் மறைவாக நடக்கும் உற்பத்தியோ இல்லை என்பதைத் தேர்தலுக்கு வெகு முன்பே உறுதிசெய்துகொள்ளவேண்டும். நூற்றுக்கணக்கானவர் ஒரே இடத்தில் கூடி நிற்கும் நாள் அது.

வரிசையின் நீளமும் ஒருவகைத் தூரமே. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை பதினொரு மணி நேரம் வாக்குப்பதிவு. ஒரு சாவடியில் 1,500 வாக்காளர் இருந்து, நூற்றுக்கு எழுபது பேர் வந்தால் 1,050 பேர். ஒருவருக்குக் கிடைப்பது 38 வினாடிக்கும் குறைவு. அந்த வினாடிகளுக்குள் பெயர் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, விரலில் மை வைத்து, வாக்கும் பதிவாகவேண்டும். எல்லாரும் நாள் முழுவதும் சீராக வருவதுமில்லை. வெயிலுக்கு அஞ்சிக் காலையிலேயே திரண்டுவிடுகிறார்கள். முன்பு இருந்த இந்த 1,500 என்ற உச்சவரம்பைத் தேர்தல் ஆணையம் 2025-இல் 1,200 ஆகக் குறைத்திருப்பது வரவேற்கத்தக்கது. 2021-இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஒரு சாவடி என்று வகுத்தபோது தமிழ்நாடு முழுவதும் 88,937 சாவடிகள் அமைக்கப்பட்டன. 2024-இல் அவை 68,321. அவசியம் என்று தீர்மானித்துவிட்டால் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகளை அதிகமாக அமைக்கவும் நம் நிர்வாகத்தால் முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அப்படிக் கூடியவை பெரும்பாலும் பழைய வளாகத்திலேயே அடுத்த அறையில் அமைந்த துணைச் சாவடிகள். வரிசை குறைந்தது, நடை குறையவில்லை. இப்போது 1,200 என்ற புதிய வரம்பின்படி பாகங்களைப் பிரிக்கும்போது, பிரிந்த பாகத்தை அதே பள்ளியின் பக்கத்து வகுப்பறைக்கே அனுப்பாமல், புதுத் தெருக்களின் பக்கமாகவே ஓர் இடம் தேடுவார்களானால் ஒரே செலவில் இரண்டு பயன் கிடைக்கும்.

தூரத்து மனிதனைத் தேடிப் போவதில் நம் தேர்தல் அதிகாரிகள் உலகத்தில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்பதைப் பெருமையோடு சொல்லவேண்டும். குஜராத்தின் கிர் காட்டில், பாணேஜ் என்ற இடத்தில், ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைக்கப்பட்டது. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே பெண்மணியின் ஓட்டுக்காக அலுவலர்கள் மலைப்பாதையில் நடந்தே போனார்கள். நம் தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து போவதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். காட்டிலும் மலையிலும் காட்டப்படும் இந்த அக்கறை, நகரத்து விளிம்பில், தார்ச்சாலையும் பஸ்ஸும் இருக்கிற ஊர்களில், ஏனோ தளர்ந்துவிடுகிறது. சாலை இருப்பதால் சிரமம் இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். லாரிகள் ஓயாமல் பறக்கும் சாலையைக் கைத்தடியோடு கடக்கவேண்டிய ஒரு கிழவருக்கு அந்தச் சாலையும் ஓர் ஆறுதான்.

இடம் தவறிப்போனால் ஓட்டே தவறிப்போகும் என்பதற்கு இலங்கைத் தமிழர் அனுபவம் ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளின் வாக்காளருக்கு, அவர்கள் ஊரில் சாவடி வைக்க இயலாமல், அரசாங்கக் கட்டுப்பாட்டு எல்லையோரமாகக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. பல ஊர்களின் சாவடிகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டபோது, காவலரண்களைத் தாண்டிப் பிரயாணம் செய்தே ஒரு கிராமத்தான் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அது யுத்தத்தின் நிர்ப்பந்தம். யுத்தமும் எல்லையும் இல்லாத நம் ஊர்களில் நிர்ப்பந்தம் என்று சொல்ல எதுவுமில்லை.

எண்பத்தைந்து வயது கடந்தவர்களும், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் 12-டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க இப்போது வழி செய்யப்பட்டிருக்கிறது. இது பெரிய உதவி. ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரருக்கும், முழங்கால் வலிக்காரிக்கும், மாதம் நிறைந்த கர்ப்பிணிக்கும் இது கிடைக்காது. அவர்களே எண்ணிக்கையில் மிகுதி. மேலும், சாவடிக்குப் போய் ஊராரோடு வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதையே பலர் விரும்புகிறார்கள். அந்த விருப்பமும் மதிக்கத்தக்கது.

இனி, ஊரார் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவேண்டும். வாக்குப்பதிவு நாளன்று காலையில் பூத் சிலிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னய்யா, போன தடவை பக்கத்துல இருந்துச்சு, இப்ப அங்கிட்டுப் போட்டுட்டீங்க” என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அவர் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அன்றைக்கு அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சாவடிகள் தீர்மானிக்கப்படுவது தேர்தல் ஆரவாரம் எதுவும் இல்லாத மாதங்களில். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு முன்னதாகச் சாவடிகள் நேரில் பார்வையிடப்பட்டு, வரைவுப் பட்டியல் பிரசுரமாகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளைக் கலெக்டர் அழைத்துக் கலந்தாலோசிக்கிறார். பொதுமக்களின் ஆட்சேபணைகளும் யோசனைகளும் பெறப்படுகின்றன. அதன்பின்பே ஆணையத்தின் அனுமதிக்குப் போகிறது. அனுமதி கிடைத்துவிட்டால் கலெக்டரும் தம் இஷ்டப்படி மாற்றமுடியாது. தாலுகா அலுவலகத்துச் சுவரில் ஒட்டப்படும் அந்தக் காகிதத்தைப் படிக்கப் போகிறவர் மிகச் சிலர். கட்சிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமான இடத்தைப் பற்றி யோசிப்பார்கள். முழங்கால் வலிக்காரியைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு பட்டியல் என்றால், உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகச் சாவடிகளை வகுக்கிறது. விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2019 டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்து, 2025 ஜனவரியோடு அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஊராட்சி வாக்காளர் நாலு ஓட்டுப் போடவேண்டிய தேர்தல் அது. நாலு நிறச் சீட்டுகளில் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட நேரமும் அதிகமாகும். வார்டு எல்லை மாறினால் சாவடியும் மாறும். ஆகவே சட்டமன்றத் தேர்தலுக்குப் போன பள்ளிக்கே இதற்கும் போகவேண்டும் என்று எண்ணிவிடலாகாது.

கிராமசபை கூடும் நாட்களில் ஆகஸ்டு 15-உம் அக்டோபர் 2-உம் மேலே சொன்ன சாவடிப் பார்வையிடல் நடக்கிற பருவத்தை ஒட்டியே பெரும்பாலும் வருகின்றன. குடிதண்ணீரையும் தெருவிளக்கையும் பேசி முடித்தபின், எந்தத் தெருவுக்கு எந்தச் சாவடி என்பதையும் அங்கே ஒருமுறை வாசித்துக் கேட்கலாம். கிராமசபைத் தீர்மானம் தேர்தல் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நூறு பேர் கையெழுத்திட்ட தீர்மானத்தின் நகலோடு வாக்காளர் பதிவு அலுவலரிடமோ, கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ கொடுக்கப்படும் மனு தனி ஆளின் மனுவைவிடக் கவனம் பெறும். சந்தேகம் கேட்க 1950 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அந்த மனுவில் ‘தூரம் அதிகம், ஆவன செய்க’ என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். தெருவின் பெயர், அதில் உள்ள வாக்காளர் தொகை, பாகம் எண், இப்போதைய சாவடிக்கு நடந்து போகும் பாதையின் நீளம், கடக்கவேண்டிய சாலை எது, ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் உள்ளவர் எத்தனை பேர் என்பவற்றை எழுதி, மாற்று இடமாக எந்த அரசுக் கட்டடம் இருக்கிறது, அது தரைத்தளமா, அறையின் நீள அகலம் என்ன, அதற்கு இரண்டு வாசல் உண்டா, தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, இருநூறு மீட்டருக்குள் கட்சி அலுவலகமோ, அருகில் வெடிமருந்துக் கிட்டங்கியோ இல்லையா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். அரசுக் கட்டடமே இல்லையென்றால், சொந்தக்காரரின் எழுத்துமூலமான சம்மதத்தோடு தனியார் கட்டடத்தையும் சொல்லலாம். இப்படி எழுதப்பட்ட மனுவைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரிக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு அவர் அந்தத் தெருவுக்கு வந்து, மனுவில் கண்ட பாதையை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும், அதுவும் நடுப்பகலில்.